வீட்டு வயரிங்: எந்த லோடுக்கு எத்தனை ஸ்கொயர், எர்த் எப்படி?

லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர் என்று எலக்ட்ரீஷியன் சொல்வதைக் கேட்டு வயர்ச் சுருளை (காயில்) வாங்கிவிடுவதுதான் வழக்கம். பெரும்பாலும் அந்த அளவு தப்பாது. தப்புவது வேறு இடங்களில். ஒரே பைப்பில் ஐந்து சர்க்யூட்டைத் திணிப்பார்கள். 2.5 வயருக்கு 25 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) மாட்டுவார்கள். போர்வெல் மோட்டாருக்கு 80 மீட்டர் ஓட்டம் இருப்பதை மறந்துவிடுவார்கள். ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) "சும்மா சும்மா ட்ரிப் ஆகுது" என்று அதைக் கழற்றிவிட்டு எர்த் குழியை மட்டும் நம்புவார்கள். வயர், எம்சிபி, எர்த், ஆர்சிசிபி நான்கையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எடுத்துக்காட்டுக்குத் தமிழ்நாட்டில் த்ரீ பேஸ் இணைப்புள்ள, 1200 சதுர அடி, இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை வைத்துக்கொள்வோம். வேலையை உரிமம் பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். அவர் செய்வது சரியா என்று வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளவும், வயர்மேன் தன் கணக்கைச் சரிபார்க்கவும் கீழே உள்ளவை போதும்.

1. லோடு பட்டியல்

எந்தச் சாதனம், எத்தனை வாட், எந்த அறை என்று ஒரு தாளில் எழுதுங்கள். நம் வீட்டுக்கு: எல்இடி லைட் 20 சேர்ந்து 200 வாட், ஃபேன் 6 சேர்ந்து 450, ஃப்ரிட்ஜ் 200, டிவியும் மோடமும் 150, ஹீட்டர் உள்ள வாஷிங் மெஷின் 2000, மிக்ஸி 750, கிரைண்டர் 150, இண்டக்‌ஷன் அடுப்பு 2000, கீசர் 2 சேர்ந்து 4000, ஒன்றரை டன் ஏசி 2 சேர்ந்து 3400, அயர்ன் பாக்ஸ் 1000, ஒரு எச்.பி. மோட்டார் 1100. மொத்தம் 15,400 வாட்.

இவை எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது. பாதி எடுத்தால் 7.7 கிலோவாட். அதை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 33 ஆம்பியர், மூன்று பேஸுக்கும் சமமாகப் பிரிந்தால் பேஸுக்கு 11. ஆனால் சமமாக எந்த வீட்டிலும் பிரியாது. காலை ஏழு மணிக்கு இரண்டு கீசரும் இண்டக்‌ஷனும் மோட்டாரும் சேர்ந்து ஓடும். அவற்றில் மூன்று ஒரே பேஸில் மாட்டியிருந்தால் அந்தப் பேஸில் மட்டும் 25 ஆம்பியரைத் தாண்டிவிடும். அதனால் முதலில் பேஸ் பிரிப்பு (மூன்று பேஸுக்கும் ஆர், ஒய், பி என்று பெயர்): ஆர் பேஸில் ஓர் ஏசி, ஒரு கீசர், பாதி லைட். ஒய் பேஸில் சமையலறை முழுவதும். பி பேஸில் மற்ற ஏசி, மற்ற கீசர், மோட்டார், மீதி லைட். வாஷிங் மெஷினை எந்தப் பேஸில் காலை நேர லோடு குறைவோ அதில் கொடுக்கலாம்.

2. சர்க்யூட் பிரிப்பு

லைட், ஃபேன், 6 ஆம்பியர் பிளக் சர்க்யூட் ஒன்றுக்கு 10 பாயின்ட் அல்லது 800 வாட் என்பது நம் நாட்டில் நெடுநாள் வழக்கத்தில் உள்ள வரம்பு. 16 ஆம்பியர் பவர் பிளக் என்றால் சர்க்யூட்டுக்கு இரண்டே இரண்டு. ஏசி, கீசர், இண்டக்‌ஷன், மோட்டார் ஒவ்வொன்றுக்கும் டிபியிலிருந்து (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) தனி வயர், தனி எம்சிபி. ஏசி பாயின்ட்டிலிருந்து லூப் எடுத்து அடுத்த அறைக்கு அயர்ன் பாக்ஸ் பிளக் போடுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் அதற்கே உரிய நியூட்ரல் வேண்டும். இரண்டு சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரலைப் பங்கு போட்டால் வயர் மிச்சமாகும். ஆனால் அந்த நியூட்ரலைக் காக்க எந்த எம்சிபியும் இருக்காது. பிற்பாடு ஆர்சிசிபியைப் பிரித்து மாட்டும்போது காரணம் தெரியாமல் ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும்.

3. வயர் அளவு

விதி ஒன்றுதான். லோடு இழுக்கும் கரண்டைவிட எம்சிபி பெரிதாக இருக்க வேண்டும். வயர் தாங்கும் கரண்ட் எம்சிபியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டாவது பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எம்சிபி இருப்பது வயரைக் காக்க. அது 1.13 மடங்கு கரண்ட் வரை ஒரு மணி நேரமானாலும் ட்ரிப் ஆகாது. 1.45 மடங்கு வந்தால்தான் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் ட்ரிப் ஆகும். 16 ஆம்பியர் எம்சிபியில் 18 ஆம்பியர் நாள் முழுக்க ஓடலாம் என்று பொருள்.

வயர் எவ்வளவு தாங்கும்? சுவருக்குள் பைப்பில் போன பிவிசி காப்பிட்ட செம்பு வயருக்கு, சுற்றுப்புறம் 30 டிகிரி, ஒரே சர்க்யூட் என்ற நிலையில் அளவுகள் இவை:

1.5 ஸ்கொயர்: 17.5 ஆம்பியர்
2.5 ஸ்கொயர்: 24
4 ஸ்கொயர்: 32
6 ஸ்கொயர்: 41
10 ஸ்கொயர்: 57
16 ஸ்கொயர்: 76

இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். நம் ஊரில் 30 டிகிரி என்பது மார்கழி. 40 டிகிரிக்கு 0.87-ஆல் பெருக்க வேண்டும், 45-க்கு 0.79. ஒரே பைப்பில் எத்தனை சர்க்யூட் போகிறதோ அதற்கும் ஒரு கழிவு உண்டு: இரண்டுக்கு 0.80, மூன்றுக்கு 0.70, நான்குக்கு 0.65, ஆறுக்கு 0.57. தன் கொள்ளளவில் 30 சதவீதம்கூட ஓடாத லைட் சர்க்யூட்டை இந்த எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.

ஏசிக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றரை டன் ஏசி 8, 9 ஆம்பியர் இழுக்கும். எம்சிபி 16 ஆம்பியர், சி கர்வ் (ஸ்டார்ட் ஆகும் நொடியில் எகிறும் கரண்டைப் பொறுத்துக்கொள்ளும் வகை). 2.5 ஸ்கொயர் வயர், 40 டிகிரி, பைப்பில் இரண்டு சர்க்யூட்: 24 × 0.87 × 0.80 = 16.7. தப்பித்துவிட்டது. அதே பைப்பில் மூன்றாவது சர்க்யூட் சேர்ந்தால் 24 × 0.87 × 0.70 = 14.6. 16 ஆம்பியர் எம்சிபி இருந்தும் வயருக்குக் காவல் இல்லை. மேல்மாடியில், மொட்டை மாடித் தளத்துக்குள் போன பைப் என்றால் சித்திரை வெயிலில் தளத்தின் சூடே 45 டிகிரியைத் தாண்டும். அங்கே இரண்டு சர்க்யூட்டுக்கே 24 × 0.79 × 0.80 = 15.2-தான். 4 ஸ்கொயர் போட்டால் மூன்று சர்க்யூட், 40 டிகிரியிலும் 19.5 கிடைக்கும். "ஏசிக்கு 4" என்ற எலக்ட்ரீஷியன் வாக்குக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இது. கீழ்த்தளத்தில் தனிப் பைப்பில் போகும் ஏசிக்கு 2.5 தாராளமாகப் போதும்.

மற்றவை சுருக்கமாக. லைட் சர்க்யூட்டுக்கு 1.5 ஸ்கொயர், 6 ஆம்பியர் எம்சிபி. அதுவே 1380 வாட் தாங்கும், 10 ஆம்பியர் தேவையில்லை. 2 கிலோவாட் கீசர் 8.7 ஆம்பியர், 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர். இரண்டுக்கும் 16 ஆம்பியர் எம்சிபி. வயர் 4 ஸ்கொயர் போடுவது நல்லது, ஏனென்றால் இன்று 2 கிலோவாட் வாங்கியவர் நாளை 3 கிலோவாட் மாட்டுவார். சமையலறைப் பவர் பிளக்குகளுக்கும் 4. வீட்டில் மின்சாரக் காருக்கு 7.4 கிலோவாட் சார்ஜர் வரப்போகிறது என்றால் 32 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடும். மீட்டர் போர்டிலிருந்து தனியாக 10 ஸ்கொயர், தனி ஆர்சிசிபி. அந்த ஆர்சிசிபி மேலே "AC" என்று குறித்த சாதா வகையாக இருக்கக் கூடாது. சார்ஜரிலேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைப் பிடிக்கும் வசதி இருந்தால் ஏ வகை போதும், இல்லாவிட்டால் பி வகை.

பழைய வீடுகளில் 3/20, 7/20 என்ற கணக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. 20 கேஜ் இழை மூன்று சேர்ந்தது 3/20, ஏறத்தாழ 2 சதுர மி.மீ. 7/20 என்றால் 4.6, 7/22 என்றால் 2.8, 1/18 என்றால் 1.2. அந்தக் காலத்து வயரைத் தோலுரித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக அலுமினியம் இருந்தால் மேலே சொன்ன ஆம்பியர் எதுவும் பொருந்தாது, மாற்றிவிடுவதுதான் வழி.

காயில் வாங்கும்போது ஐ.எஸ். 694 (இந்தியத் தர எண்) என்று வயரின் மேலேயே அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அச்சு மட்டும் போதாது என்றால் மின்தடையை அளக்கலாம். 90 மீட்டர் காயில், 2.5 ஸ்கொயர், மெல்லிழை வயர் 20 டிகிரியில் அதிகபட்சம் 0.72 ஓம். நம் கோடையில் 0.77 வரை போகலாம். 1.5 ஸ்கொயருக்கு 1.2 ஓம், 4 ஸ்கொயருக்கு 0.45. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் தொட்டுவைத்து அதன் சொந்த மின்தடையைக் கழித்துக்கொள்ளுங்கள். 2.5 என்று விற்ற காயிலில் 1 ஓம் காட்டினால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பைப்பின் உட்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் வயர் நிரம்பக் கூடாது. டிபியிலிருந்து கிளம்பும் பைப்புகள் எல்லாம் 25 மி.மீ. ஆகவே இருக்கட்டும். தளம் கான்கிரீட் போடும் நாளில் 20-க்கும் 25-க்கும் உள்ள விலை வித்தியாசம் சொற்பம். அப்போது மிச்சம் பிடித்தவர்கள்தான் பிறகு ஏசி வயரை ஜன்னல் வழியாகக் கேசிங்கில் இழுக்கிறார்கள். நிறம்: பேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம். நியூட்ரலுக்குக் கருப்பு. எர்த்துக்குப் பச்சை. பச்சை காயில் தீர்ந்துபோச்சு என்று கருப்பை எர்த்துக்கு இழுக்க விடாதீர்கள்.

4. தூரம் கூடினால் வோல்டேஜ் குறையும்

வீட்டுக்குள் 15, 20 மீட்டருக்குள் முடியும் சர்க்யூட்டுக்கு இது பெரிய கவலையில்லை. போர்வெல், கேட் லைட், தோட்டத்து ஷெட் மூன்றுக்கும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு ஆம்பியர், ஒரு மீட்டருக்கு, போக வர இரண்டு வயரும் சேர்த்து இத்தனை மில்லி வோல்ட் குறையும்: 1.5 ஸ்கொயரில் 29, 2.5-ல் 18, 4-ல் 11, 6-ல் 7.3, 10-ல் 4.4, 16-ல் 2.8. லைட்டுக்கு 3 சதவீதம், அதாவது 7 வோல்ட், மற்றவற்றுக்கு 5 சதவீதம், அதாவது 11.5 வோல்ட் வரை போகலாம். இது மீட்டரிலிருந்து சாதனம் வரைக்கும் சேர்த்து.

200 அடியில் இறக்கிய ஒரு எச்.பி. சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள் மோட்டார். கிணற்றுக்குள் 60 மீட்டர், தரையில் 20 மீட்டர், ஆக 80. ஓடும்போது 8 ஆம்பியர். 2.5 ஸ்கொயரில் குறைவு 18 × 8 × 80 = 11,520 மில்லி வோல்ட், அதாவது 11.5 வோல்ட். வரம்பைத் தொட்டு நிற்கிறது. ஸ்டார்ட் ஆகும் நொடியில் 30 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்தால் 43 வோல்ட் கேபிளிலேயே போய்விடும். மாலையில் லைனே 200 வோல்ட்டில் இருக்கும் தெருவில் மோட்டாருக்கு 157 வோல்ட்தான் மிஞ்சும். உறுமிக்கொண்டு நிற்கும், சுற்றாது, வைண்டிங் சூடேறும். "கெப்பாசிட்டர் போச்சு" என்று இரண்டு முறை மாற்றிய பிறகும் அதே கதை என்றால் கேபிளை அளந்து பாருங்கள். 4 ஸ்கொயரில் ஓடும்போது 7 வோல்ட், ஸ்டார்ட்டில் 26 வோல்ட். இந்த ஆழத்துக்கு 4 ஸ்கொயர்தான் சரி. மோட்டாருக்கு வரும் தட்டைக் கேபிளின் ஜாயின்ட்டை நீர்புகாத கிட் போட்டுத்தான் இணைக்க வேண்டும். இன்சுலேஷன் டேப் சுற்றி இறக்கினால் சில மாதங்களில் கசிவு தொடங்கும்.

5. மீட்டரிலிருந்து டிபி வரை

மூன்று பேஸ், ஒரு நியூட்ரல். பைப்பில் மூன்று பேஸ் வயரும் லோடு சுமந்தால் 6 ஸ்கொயரின் கொள்ளளவு 36, 40 டிகிரியில் 31.3. 32 ஆம்பியர் மெயின் எம்சிபிக்கு மயிரிழையில் போதவில்லை. 10 ஸ்கொயர் 43.5 தாங்கும். ஆகவே 10. மீட்டர் காம்பவுண்ட் சுவரில், டிபி 40 மீட்டர் தள்ளி என்றால் 32 ஆம்பியரில் 5.6 வோல்ட் அங்கேயே போகும். அப்போது 16 ஸ்கொயருக்குப் போய்விடுங்கள், 3.6 வோல்ட் ஆகக் குறையும். மண்ணில் புதைத்துக் கொண்டுபோவதானால் ஆர்மர்டு கேபிள். சாதா வயரை மஞ்சள் பைப்பில் நுழைத்துப் புதைப்பது எலிக்கும் மண்வெட்டிக்கும் விருந்து.

நியூட்ரல் பேஸ் அளவே இருக்க வேண்டும். ஒரு பேஸ் போனால் மற்றதில் மாற்றிக்கொள்ள பேஸ் சேஞ்சர் வைத்திருக்கும் வீடுகளில் இது இன்னும் முக்கியம். மூன்றையும் ஒரே பேஸில் திருப்பிவிட்டால் மொத்த வீட்டுக் கரண்டும் ஒரே நியூட்ரலில் ஒரே திசையில் திரும்பும். சேஞ்சருக்கு முன்னால் 32 ஆம்பியர் எம்சிபி இருந்தால் அது தடுத்துவிடும். பீங்கான் கட்-அவுட்டில் "அடிக்கடி போகுது" என்று தடித்த கம்பியைச் சுற்றிவைத்திருந்தால் தடுக்க ஆளில்லை.

மெயினில் நியூட்ரல் கழன்றால் என்ன நடக்கும்? குறைந்த லோடு உள்ள பேஸில் வோல்டேஜ் 300-ஐத் தாண்டும். டிவி, ஃப்ரிட்ஜ் போர்டு, எல்இடி எல்லாம் வரிசையாகப் போகும். லைட் சில அறைகளில் மங்கி, சில அறைகளில் பளீரென்று எரிந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் மெயினை அணையுங்கள். இந்தக் கழற்சிக்கு முக்கியக் காரணம், சர்வீஸ் பக்கத்து அலுமினியமும் வீட்டுப் பக்கத்துச் செம்பும் ஒரே ஸ்க்ரூவில் சந்திப்பது. அந்த இடத்தில் பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறு பக்கம் செம்பு உள்ள முனைத் துண்டு) போட்டு கிரிம்ப் செய்ய (அழுத்தி இறுக்க) வேண்டும். மெல்லிழை வயரை அப்படியே ஸ்க்ரூவில் நசுக்காமல் முனையில் ஊசி வடிவ லக் (pin lug) போட்டு முடுக்குங்கள்.

6. எர்த் வயர்

எர்த் என்றால் எல்லாரும் குழியைத்தான் நினைக்கிறார்கள். குழிக்கு முன்னால் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு பிளக்கின் பெரிய துளையிலிருந்தும் டிபி எர்த் பார் வரை அறுபடாமல் வரும் பச்சை வயர். 16 சதுர மி.மீ. வரை பேஸ் வயர் என்ன அளவோ எர்த்தும் அதே அளவு. 4 ஸ்கொயர் ஏசி சர்க்யூட்டில் 1 ஸ்கொயர் எர்த் வயர் போடுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது, அது தவறு. ஸ்விட்ச் பாக்ஸ் இரும்பாக இருந்தால் அதற்கும் எர்த். மூன்று பேஸ் மோட்டாருக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு விதியிலேயே உண்டு.

எர்த் இல்லாத பழைய வீட்டில் சிலர் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவார்கள். டெஸ்ட் லாம்ப் எரியும், பார்ப்பதற்கு எர்த் வேலை செய்வது போலவே இருக்கும். அந்தச் சர்க்யூட்டின் நியூட்ரல் எங்காவது கழன்றால் ஃப்ரிட்ஜின் உடம்பு முழுக்க 230 வோல்ட். இதைவிட எர்த்தே இல்லாமல் இருப்பது மேல்.

7. எர்த் குழி

40 மி.மீ. ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு), பி கிளாஸ் (நடுத்தரத் தடிமன்), 2.5 மீட்டர் நீளம். மண்ணில் அதன் மின்தடையைக் கணக்கிடும் சூத்திரத்தில் மூன்று எண்கள்: மண்ணின் தன்மை, பைப்பின் நீளம், விட்டம். மண்ணின் மின்தடைத் திறன் 100 ஓம்-மீட்டர் என்றால் இந்தப் பைப்புக்கு 35 ஓம் வரும். ஈரக் களிமண்ணில் 10 ஓம்-மீட்டர் என்றால் 3.5 ஓம். பைப்பின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் 35 என்பது 31 ஆகத்தான் குறையும். நீளத்தை 5 மீட்டராக்கினால் 20-க்கு இறங்கும். எனவே தடித்த பைப்புக்குக் கொடுக்கும் காசை ஆழத்துக்குக் கொடுங்கள். பாறை வந்து இறங்காத இடத்தில் இரண்டு பைப், குறைந்தது 5 மீட்டர் இடைவெளியில் போட்டு மேலே இணைத்தால் பாதியை நெருங்கும். இரண்டையும் மூன்றடிக்குள் போட்டால் அந்த அளவு குறையாது.

இடம்: சுவரிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி, ஈரம் நிற்கும் பக்கம். துணி துவைக்கும் கல் அருகே, தென்னை மரத்தடி நல்லது. டெல்டா களிமண்ணில் வேலை எளிது. செம்மண், சரளை, பாறை உள்ள இடங்களில் கஷ்டம். கரிசல் நல்ல கடத்திதான், ஆனால் கோடையில் வெடித்து பைப்பை விட்டு விலகிவிடும். அதனால் பைப்பைச் சுற்றி வேறு பொருளால் நிரப்புவது அவசியம்.

15 செ.மீ. அகலத்தில் ஆகரால் துளைத்து, நடுவில் பைப்பை நிறுத்தினால் சுற்றிலும் நிரப்ப ஏறத்தாழ 40 லிட்டர் பிடிக்கும். பென்டோனைட்டை (ஈரம் தேக்கும் ஒருவகைக் களிமண் தூள்) சலித்த களிமண்ணோடு கலந்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக் குத்திவிடுங்கள். காற்று இடைவெளி தங்கக் கூடாது. உப்பும் கரியும் அடுக்கடுக்காகப் போடும் பழைய முறையும் வேலை செய்யும், ஆனால் உப்பு மழையில் கரைந்துபோகும், கரையும்வரை ஜிஐ பைப்பை அரிக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டிவரும். பைப்பின் தலையில் ஓர் அடிக்கு ஓர் அடி செங்கல் தொட்டி, மூடி. அந்த மூடியைத் திறக்க முடியாதபடி மேலே டைல்ஸ் ஒட்டிவிடுவது ரொம்ப சகஜம். பிறகு எப்படி அளப்பது?

பைப்பிலிருந்து டிபிக்கு 8 கேஜ் செம்புக் கம்பி, அதாவது 13 சதுர மி.மீ., அல்லது 16 ஸ்கொயர் பச்சை வயர். 14 கேஜ் கம்பி 3.2 சதுர மி.மீ.தான், அதை மெயின் எர்த்துக்குப் போடாதீர்கள். காப்பில்லாத செம்பை நேரடியாக மண்ணில் புதைப்பதானால் 25 சதுர மி.மீ. வேண்டும். அதைவிட பிவிசி பைப்புக்குள் காப்பிட்ட வயராகக் கொண்டுபோவதே சிக்கனம். செம்பு ஜிஐயைத் தொடும் இடத்தில் ஈயம் பூசிய லக், ஜிஐ போல்ட், முடுக்கிய பின் மேலே பெட்ரோலியம் ஜெல்லி. வெறும் செம்புக் கம்பியைப் பைப்பில் நான்கு சுற்று சுற்றி முறுக்கிவிட்டால் பச்சை பூத்து இணைப்பு தளர்ந்துவிடும்.

8. ஆர்சிசிபி ஏன் கட்டாயம்

குழி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எம்சிபியை ட்ரிப் ஆக்க அதற்குச் சக்தி போதாது. வீட்டுக் குழி 35 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த் 5 ஓம் என்று வையுங்கள். கீசரின் உடம்பில் பேஸ் பட்டால் பாயும் கரண்ட் 230 ÷ 40 = 5.75 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி இதைச் சாதாரண லோடு என்றே நினைக்கும். கீசர் உடம்பில் 200 வோல்ட் நிற்கும், மீட்டரும் ஓடிக்கொண்டே இருக்கும். குழியை அரும்பாடுபட்டு 5 ஓமுக்குக் கொண்டுவந்தாலும் 23 ஆம்பியர்தான். அது 16-ன் 1.44 மடங்கு, ஒரு மணி நேரம் ஆனாலும் ட்ரிப் ஆகும் என்று உறுதி இல்லை. உடம்பில் 115 வோல்ட். சி கர்வ் 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழ வேண்டுமென்றால் 160 ஆம்பியர் வேண்டும்.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் கதையே வேறு. அந்த 5.75 ஆம்பியரில் அது 40 மில்லி நொடிக்குள் விழுந்துவிடும். 35 ஓம் குழியில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் உடம்பில் வரும் வோல்டேஜ் ஒரே ஒரு வோல்ட்தான். எனவே குழி 8 ஓமா 2 ஓமா என்று ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்கு முன் ஆர்சிசிபிக்கும் பச்சை வயருக்கும் செலவழியுங்கள். 10 ஓமுக்குள் வந்து, வைகாசியிலும் அதே அளவில் நின்றால் வீட்டுக்கு நல்ல எர்த்.

மெயினில் ஒரே நான்கு-போல் ஆர்சிசிபி (மூன்று பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிப்பது) வைப்பது மலிவு. ஆனால் ஒரு கீசர் கசிந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு வீடே இருட்டாகும், ஃப்ரிட்ஜும் நிற்கும். இன்வெர்ட்டர் ஏசி, எல்இடி டிரைவர், கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும் இயல்பாகவே துளித்துளி கசியவிடும். அந்தக் கசிவு கூடி 15 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி விழ ஆரம்பிக்கலாம். பேஸுக்கு ஒன்றாக மூன்று இரண்டு-போல் ஆர்சிசிபி, 40 ஆம்பியர், ஏ வகை, போட்டால் இந்தத் தொல்லை குறையும். அப்போது மூன்று தனி நியூட்ரல் பார் வேண்டும். ஒன்றின் நியூட்ரல் இன்னொன்றின் பாரில் மாறி மாட்டினால் லோடு போட்ட உடனே இரண்டுமே விழும். பேஸ் சேஞ்சர் இருந்தால் அது ஆர்சிசிபிக்கு முன்னால் வர வேண்டும்; பின்னால் வைத்தால் பேஸ் ஓர் ஆர்சிசிபி வழியாகவும் நியூட்ரல் இன்னொன்று வழியாகவும் போய் அதே தொல்லை.

இன்வெர்ட்டர் வைத்த வீடுகளில் கவனிக்காமல் போவது: பொதுவான நியூட்ரலில் இன்வெர்ட்டர் பேஸை மட்டும் தனியாக இழுத்திருப்பார்கள். கரண்ட் போன நேரத்தில் அந்த லைட், ஃபேன் எதற்கும் ஆர்சிசிபி காவல் கிடையாது, கரண்ட் அதன் வழியாகப் போவதே இல்லை. இன்வெர்ட்டர் அவுட்புட்டுக்கு என்று ஓர் இரண்டு-போல் ஆர்சிசிபி, அதற்குப் பின் தனி நியூட்ரல் போட வேண்டும்.

ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் பிடித்தால் ஆர்சிசிபி காப்பாற்றாது என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள்.

9. கரண்ட் கொடுக்கும் முன் சோதனை

மெயின் அணைத்து, எல்லாச் சாதனங்களையும் கழற்றி, 500 வோல்ட் மெக்கரில் (வயர்க் காப்பின் மின்தடையை அளக்கும் கருவி) பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு எதிராகப் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் எங்கோ ஆணி அடித்திருக்கிறார்கள் அல்லது பாக்ஸில் ஈரம். புது வீட்டில் பூச்சு காயாமல் இருந்தாலும் குறைவாகக் காட்டும். சர்க்யூட் சர்க்யூட்டாகக் கழற்றிக் கண்டுபிடியுங்கள்.

அடுத்தது எர்த் தொடர்ச்சி. டிபி எர்த் பாரிலிருந்து கடைசி பிளக்கின் எர்த் துளை வரை. 20 மீட்டர் 2.5 ஸ்கொயர் வயருக்கு 0.16 ஓம்தான் வர வேண்டும். அரை ஓமைத் தாண்டினால் நடுவில் ஏதோ ஒரு பாக்ஸில் முறுக்கி மட்டும் விட்ட ஜாயின்ட் இருக்கிறது.

குழியை அளக்க 100 வாட் குண்டு பல்பைப் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் எரியவிடுவது நம் ஊர் வழக்கம். 100 வாட் பல்பின் மின்தடை ஏறத்தாழ 530 ஓம். குழி 50 ஓம் என்றாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துப் பளிச்சென்று எரியும். எர்த் அறுந்திருக்கிறதா என்று மட்டும்தான் அந்தச் சோதனை சொல்லும், அதுவும் ஆர்சிசிபி இருந்தால் உடனே விழுந்துவிடும். எர்த் டெஸ்டரால் அளப்பதே முறை: மெயினை அணைத்து, பைப்பை வீட்டு எர்த்திலிருந்து கழற்றி, ஓர் இரும்பு முளையை 25, 30 மீட்டர் தள்ளி அடித்து, நடு முளையை அந்தத் தூரத்தில் 62 சதவீதத்தில் அடியுங்கள். நடு முளையைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தி அடித்துப் பார்த்தாலும் அதே எண் வந்தால் அளவு நம்பத்தக்கது. மழைக்காலத்தில் எடுத்த எண்ணை நம்பாதீர்கள், சித்திரை, வைகாசியில் ஒருமுறை எடுத்து டிபி மூடியின் உட்புறம் தேதியோடு எழுதி ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக, பிளக்குகளில் பேஸ் வலப்பக்கம் வருகிறதா, லைட் ஸ்விட்சுகள் பேஸைத்தான் துண்டிக்கின்றனவா என்று டெஸ்டரில் பாருங்கள். பிறகு ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். இதை மாதம் ஒருமுறை செய்ய வேண்டும். அந்தப் பொத்தான் ஆர்சிசிபி உள்ளே சிக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. எர்த் அறுந்திருந்தாலும் பொத்தான் வேலை செய்யும். ஆகவே தொடர்ச்சிச் சோதனையை வருடம் ஒருமுறை தனியாகச் செய்யுங்கள், கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் முதலில்.